18 நாள், 42 நாள்: உயிரியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் என்று முதுநிலையில் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் பருவம் இது. தலைப்பு பற்றிப் பேச வருகிற பிள்ளைகள் புற்றுநோய் என்கிறார்கள், நீரிழிவு என்கிறார்கள், மூலிகைச் சாறு எடுத்து பாக்டீரியாவைக் கொல்லும் சோதனை என்கிறார்கள். முதுமை என்று சொல்பவர் அபூர்வம். சொல்கிற ஓரிருவரும் இளமையைத் திருப்பித் தருவதாக விற்கப்படும் மாத்திரைகளின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நீங்கள் படிக்க விரும்பும் நோய்களில் பெரும்பாலானவை வயதோடு சேர்ந்து வருபவை. வயது என்பது உடலுக்குள் என்ன செய்கிறது என்று கேட்காமல் அந்த நோய்களை மட்டும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்த ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயர் சிந்தியா கென்யன். 1954-இல் சிகாகோவில் பிறந்தவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1976-இல் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யில் கிரஹாம் வாக்கரிடம் 1981-இல் முனைவர் பட்டத்தை முடித்தார். அங்கே அவர் ஆராய்ந்தது பாக்டீரியா. டி.என்.ஏ. சேதமடைந்தால் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பது அவருடைய ஆய்வுப்பொருள். பிறகு கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்குப் போய், சிட்னி பிரென்னரிடம் சேர்ந்தார். புழு அவர் வாழ்க்கைக்குள் வந்தது அங்கேதான்.

சி. எலிகன்ஸ் என்ற அந்த உருளைப்புழு மண்ணிலும் அழுகும் தழைகளிலும் வாழ்வது. முழு வளர்ச்சி அடைந்தால் 1 மில்லிமீட்டர். உடல் ஒளியை ஊடுருவ விடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். வளர்ந்த இருபால் புழுவில் இனப்பெருக்கச் செல்கள் நீங்கலாக 959 செல்கள். எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 959. முட்டையிலிருந்து முதிர்ந்த புழுவாக ஏறத்தாழ 3 நாள் போதும். ஒரு புழு 300 குஞ்சுகள் வரை ஈனும். 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இயல்பான புழு என்று வைத்திருப்பது இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில், காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு புழுவின் வம்சம். பிரென்னர் 1974-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அதுவே இந்தத் துறையின் மூலதனம் ஆகிவிட்டது.

கென்யனுக்கு அப்போது முதுமையில் எந்த நாட்டமும் இல்லை. முட்டையிலிருந்து உருவாகும் உடலில் முன்பக்கம் முன்பக்கமாகவும் பின்பக்கம் பின்பக்கமாகவும் அமைய எந்த மரபணு ஆணையிடுகிறது என்பதுதான் அவர் வேலை. 1986-இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தபோதும் அதையே தொடர்ந்தார். இந்தப் பின்னணியை நீங்கள் கவனிக்க வேண்டும். ஈயின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக் குடும்பமே புழுவிலும் எலியிலும் மனிதரிலும் அதே வேலையைச் செய்கிறது என்று அந்த ஆண்டுகளில்தான் தெரியவந்தது. அதுவரை யாரும் அப்படி எதிர்பார்க்கவில்லை. உடலமைப்புக்குப் பொதுவான கட்டுப்பாடு இருக்குமானால் ஆயுளுக்கும் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கும் துணிவு அவருக்கு இந்தத் துறையிலிருந்துதான் வந்தது.

இன்குபேட்டருக்குள் சில வாரம் மறந்து கிடந்த ஒரு பெட்ரி தட்டை எதேச்சையாகப் பார்த்ததைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அது குறைவாகவே குஞ்சு பொரிக்கும் ஒரு வகைப் புழு. அதனால் தட்டு குஞ்சுகளால் நிறைந்துபோகாமல், தாய்ப்புழுக்கள் மட்டும் கிழடுதட்டிக் கிடந்தன. புழுவுக்கும் மூப்பு வரும் என்ற எண்ணமே அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. முதலில் அவற்றின் மேல் இரக்கம் வந்ததாம். பிறகு தனக்கும் வயதாகிறதே என்று நினைத்தாராம். அதற்குப் பிறகுதான், இதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் இருக்குமா என்ற கேள்வி வந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இது மரியாதையான கேள்வி அல்ல. வண்டிச் சக்கரம் தேய்வதுபோல் உடலும் தேய்கிறது, தேய்மானத்தில் ஆராய என்ன இருக்கிறது என்பது பொதுக்கருத்து. அதைவிடக் கனமான தடை பரிணாமக் கோட்பாட்டிலிருந்து வந்தது. பீட்டர் மெடவார் 1952-இலும் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957-இலும் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது: பிள்ளைபெறும் வயதுக்குப் பிறகு நேரும் கேட்டை இயற்கைத் தேர்வு சரியாகக் களைவதில்லை, அதனால் தாமதமாகத் தீங்கு செய்யும் மரபணுக்கள் பல குவிகின்றன. குவிந்தவை பல என்றால், ஒரே ஒரு மரபணுவை மாற்றி மூப்பைத் தள்ளிப்போட முடியாது என்று பலரும் அதிலிருந்து முடிவுகட்டிவிட்டார்கள். கோட்பாடு சரி. அதிலிருந்து எடுத்த அந்த முடிவு தவறு. ஆனால் அதைக் காட்ட யாராவது தட்டுகளை எடுத்துப் புழுக்களை எண்ண வேண்டியிருந்தது.

கென்யனுக்கு முன்பே எண்ணியவர் ஒருவர் இருந்தார். மைக்கேல் கிளாஸ் என்ற ஆய்வாளர் சுமார் 8,000 புழு வம்சங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றில் நீண்ட நாள் வாழும் எட்டை மட்டும் பிரித்தெடுத்து 1983-இல் வெளியிட்டார். அவ்வளவு உழைப்புக்குப் பிறகு அவர் வந்த முடிவு, இந்தப் புழுக்கள் குறைவாகச் சாப்பிடுகின்றன, அதனால் நீண்ட நாள் வாழ்கின்றன, ஆயுளுக்கென்று தனி மரபணு இருப்பது மிக அரிது என்பதுதான். புழுக்களைத் தாமஸ் ஜான்சனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தத் துறையிலிருந்தே விலகிவிட்டார்.

நான் இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடுவேன். கிளாஸ் மேல் எனக்குக் குறையில்லை. அந்தத் தேடலைத் தொடங்கியவரே அவர்தான். குறைவாக உண்டால் ஆயுள் கூடும் என்பது கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளில் 1935-லேயே காட்டிய விஷயம். அது தெரிந்த விஷயமாகிவிட்டதால் விடையாகவும் ஆகிவிட்டது. உணவு குறைந்தால் ஆயுள் ஏன் கூட வேண்டும்? உடலில் எது அந்தச் செய்தியைக் கேட்கிறது? யாரிடம் சொல்கிறது? கிளாஸ் பிரித்தெடுத்த புழுக்களிலேயே அந்தக் கேள்விகளுக்கான சாவி ஒன்று கிடந்தது. “குறைவாகச் சாப்பிடுகிறது” என்ற சரியான விளக்கம், இன்னும் சரியான ஒரு கேள்வியைப் பல ஆண்டு மறைத்து வைத்திருந்தது.

ஜான்சன் விடவில்லை. டேவிட் ஃப்ரீட்மனோடு சேர்ந்து 1988-இல் அந்தப் புழுக்களில் ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்டி, ஏஜ்-1 என்று பெயர் வைத்தார். அதில் மாற்றம் இருந்தால் சராசரி ஆயுள் 20 டிகிரியில் 40 சதம் கூடியது. ஆனால் அந்தப் புழுக்கள் மிகக் குறைவாகவே குஞ்சு பொரித்தன. உடனே இன்னொரு விளக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது: பிள்ளைபெறுவதில் செலவாகும் சக்தி மிச்சப்பட்டு, ஆயுளுக்குப் போகிறது. கேட்கவே பொருத்தமாக இருக்கிறது அல்லவா? குஞ்சு குறைந்ததற்குக் காரணம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வேறொரு மரபணுக் கோளாறு என்று பின்னர்தான் தெரிந்தது.

கென்யன் தன் ஆய்வகத்தில் தேடலைத் தொடங்கியபோது, அதில் ஆர்வம் காட்டும் மாணவர் கிடைப்பதே சிரமமாக இருந்தது. பயிற்சிக்காக வந்த ராமோன் டாப்டியாங் என்ற மாணவர் முன்வந்தார். அவர்கள் பார்த்த மரபணு டாஃப்-2. அது புதிதல்ல. உணவு இல்லை, நெரிசல் அதிகம், வெப்பம் அதிகம் என்றால் குட்டிப்புழு ‘டாவர்’ என்ற உறங்குநிலைக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு, கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, மாதக்கணக்கில் காத்திருக்கும். உணவு வந்ததும் விழித்து, விட்ட இடத்திலிருந்து வளரும். இந்த முடிவை எடுக்கும் மரபணுக்களில் ஒன்றாகவே டாஃப்-2-ஐ எல்லோரும் அறிந்திருந்தார்கள். டாவர் நிலையைத் தாண்டி வளர்ந்துவிட்ட புழுவில் இதே மரபணு மந்தமானால் என்ன ஆகும் என்று யாரும் ஆயுளை எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணும் முறையை உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாளை நீங்கள் செய்யக்கூடியது இது. சிறிய தட்டில் அகர் ஊற்றி, அதன் மேல் தீங்கற்ற ஈ. கோலை பாக்டீரியாவை மெல்லிய படலமாக வளர்ப்பார்கள்; அதுதான் புழுவின் சாப்பாடு. ஒரே வயதுடைய புழுக்களை அதில் விடுவார்கள். முட்டையிடும் நாட்களில் அவற்றை அடிக்கடி புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் குஞ்சுகள் வளர்ந்து, யார் தாய், யார் பிள்ளை என்று தெரியாமல் போய்விடும். கண்ணாடிக் குழாயின் நுனியில் பொருத்திய பிளாட்டினக் கம்பியால் ஒவ்வொரு புழுவையும் மெதுவாகத் தொடுவார்கள். தலையை அசைத்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் இன்னொரு தொடுதல். அப்போதும் அசையாவிட்டால்தான் இறப்பு என்று குறிப்பேட்டில் ஏறும். தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துபோனவை, முட்டை வெளியே வராமல் உடலுக்குள்ளேயே குஞ்சு பொரிந்து மாண்டவை ஆகியவற்றை மூப்பால் இறந்தவையாக எண்ணக்கூடாது. தனியே குறிக்க வேண்டும். கடைசிப் புழு இறக்கும்வரை ஞாயிறும் பண்டிகையும் பாராமல் இது நடக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அசிரத்தை இருந்தால் மட்டும் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

அப்படி எண்ணியபோது இயல்பான புழுக்களின் சராசரி ஆயுள் 18 நாள். டாஃப்-2 மாற்றம் கொண்டவற்றுக்கு 42 நாள். இயல்பான புழுக்கள் செத்துக் கிடந்த நாட்களில் இவை தட்டில் சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தன, குஞ்சும் பொரித்தவைதான். அதுவரை எந்த உயிரிலும் ஆயுள் இந்த அளவு கூட்டப்பட்டதாகப் பதிவு இல்லை. டாஃப்-16 என்ற இன்னொரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் இந்தக் கூடுதல் ஆயுள் முழுவதும் மறைந்துபோயிற்று. 1993 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. உடல் வெறுமனே தேயவில்லை, ஆயுளை நீட்டிக்கும் ஏற்பாடு ஒன்று புழுவுக்குள்ளேயே இருக்கிறது, தேவைப்படும்போது அதை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பது அதன் சாரம்.

டாஃப்-2 என்ன பொருள் என்று 1997-இல் தெரிந்தது. கண்டுபிடித்தது கென்யன் அல்ல. பாஸ்டனில் கேரி ருவ்குன் குழு. (அவருக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிய வேறொரு வேலைக்காக.) டாஃப்-2 என்பது நம் உடலின் இன்சுலின் ஏற்பிக்கும், அதன் நெருங்கிய உறவான ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பிக்கும் புழுவில் உள்ள இணை. ஜான்சனின் ஏஜ்-1-உம் அதே பாதையில் இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஒரு நொதி என்று அதே குழு முந்தைய ஆண்டே காட்டியிருந்தது. டாஃப்-16 என்பது மரபணுக்களை இயக்கும் ஃபாக்ஸோ குடும்பத்துப் புரதம்; இதை ருவ்குன் குழுவும் கென்யன் குழுவும் ஒரே ஆண்டில் தனித்தனியாகக் கண்டன.

நீரிழிவு பற்றிய பாடத்தில் நீங்கள் இந்தப் பாதையை மனப்பாடம் செய்திருப்பீர்கள். இன்சுலின் என்றால் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் ஹார்மோன் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அதே செய்திதான் உடலுக்கு இன்னொன்றையும் சொல்கிறது: சாப்பாடு தாராளம், வளரலாம், பெருகலாம். செய்தி வலுவாக இருக்கும்போது ஃபாக்ஸோ உட்கருவுக்கு வெளியே தடுத்து நிறுத்தப்படுகிறது. செய்தி மங்கினால் அது உட்கருவுக்குள் நுழைந்து வேறொரு வேலைத்திட்டத்தைத் தொடங்குகிறது. உருக்குலைந்த புரதங்களைச் சீர்படுத்தும் மரபணுக்கள், ஆக்சிஜன் தரும் சேதத்தைத் தணிப்பவை, கிருமியை எதிர்ப்பவை, கொழுப்பைக் கையாள்பவை என்று ஒரு பெரும் கூட்டத்தையே அது எழுப்புகிறது என்று கென்யன் குழு 2003-இல் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது, சேர்ந்தால் பெரிது. முதுமைக்குக் காரணங்கள் பல என்ற பரிணாமக் கோட்பாடும் இங்கே பொய்யாகவில்லை. பலவற்றையும் ஒரே சமயத்தில் தொடும் ஓர் இடம் உணவை அறியும் பாதையில் இருக்கிறது, அவ்வளவுதான். கிளாஸ் நிறுத்திய இடத்திலிருந்து நூல் பிடித்தால் இங்கேதான் வந்து சேர்கிறோம்.

பிள்ளைப்பேறு பற்றிய விளக்கத்தையும் கென்யன் அப்படியே ஏற்கவில்லை. அவர் ஆய்வுகளிலேயே நான் மிகவும் நேசிப்பது 1999-இல் வெளியான ஒன்று. அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து வெளிவந்த புழுக்குஞ்சின் இனப்பெருக்க உறுப்பு நான்கே செல்தான். நடுவில் இரண்டு, அவற்றிலிருந்துதான் முட்டையும் விந்தும் வரும். ஓரங்களில் இரண்டு, அவை உறுப்பின் உறையாகவும் குழாயாகவும் ஆகும். ஹானர் சின்னும் கென்யனும் நுண்ணோக்கி வழியே லேசர் கதிரைச் செலுத்தி, நடுவில் உள்ள இரண்டை மட்டும் கொன்றார்கள். ஆயுள் ஏறத்தாழ 60 சதம் கூடியது. பிள்ளை இல்லை, சக்தி மிச்சம், பழைய விளக்கம் சரி என்று இங்கேயே எழுதி முடித்திருக்கலாம். அவர்கள் இன்னொரு கூட்டம் புழுக்களில் நான்கு செல்லையும் கொன்றார்கள். இவற்றுக்கும் பிள்ளை இல்லை. ஆனால் ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை.

இரண்டு கூட்டமும் மலடு. ஒன்று நீண்ட நாள் வாழ்கிறது, மற்றது இயல்பாகச் சாகிறது. சக்தி மிச்சம் என்ற கணக்கு இங்கே உடைகிறது. முட்டைக்கான செல்கள் ஆயுளைக் குறைக்கும் ஒரு செய்தியை அனுப்புகின்றன. உறையின் செல்கள் அதற்கு எதிர்த்திசையில் ஒன்றை அனுப்புகின்றன. இரண்டும் இருக்கும்போது ஒன்றையொன்று சமன் செய்கின்றன. உங்களில் யாராவது “கன்ட்ரோல்” என்ற சொல்லைச் செய்முறைத் தேர்வுக்காக மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், இந்த ஒரு சோதனையைப் படித்துப் பாருங்கள். பின்னர் 2003-இல் அவர் குழு இனப்பெருக்க உறுப்பையும் நீக்கி, டாஃப்-2-ஐயும் மந்தப்படுத்திய புழுக்கள் சராசரியாக 124 நாள் வாழ்ந்ததைக் காட்டியது. அது இயல்பைப்போல் ஆறு மடங்கு.

இன்னொன்று, காலம் பற்றியது. டாஃப்-2-ஐக் குஞ்சுப் பருவத்தில் மட்டும் மந்தப்படுத்திவிட்டுப் பிறகு பழையபடி விட்டால் ஆயுள் கூடுவதில்லை. முழு வளர்ச்சிக்குப் பிறகு மந்தப்படுத்தத் தொடங்கினாலும் கூடுகிறது. ஆண்ட்ரூ டில்லின், டக்ளஸ் கிராஃபோர்ட் இருவரோடும் சேர்ந்து கென்யன் இதை 2002-இல் வெளியிட்டார். வளர்ச்சிக்கும் பிள்ளைப்பேறுக்கும் பழுது வராமல் மூப்பை மட்டும் தொட முடியும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் அதுதான்.

சர்க்கரைக்கு வருகிறேன். புழுவின் உணவில் 2 சதம் குளுக்கோஸ் சேர்த்தால் அதன் ஆயுள் குறைகிறது. அதற்கும் டாஃப்-16 வழிதான் காரணம் என்று 2009-இல் அவர் குழு எழுதியது. புழுக்களுக்கு இப்படி ஆவதைப் பார்த்தபின் தன் சாப்பாட்டில் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓர் ஆய்வாளர் தன் தட்டில் எதை வைத்துக்கொள்கிறார் என்பது அவர் சொந்த விருப்பம், ஆதாரம் அல்ல. பாக்டீரியா தின்று மூன்று வாரம் வாழும் உயிரில் கண்டதை வைத்து உங்கள் வீட்டில் யாருக்கும் சோற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதுவும் ஒரு கேள்வியை அவசரமாக மூடுவதுதான்.

மனிதருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருப்பதை உள்ளபடி சொல்கிறேன். பழ ஈயில் இந்தப் பாதையை மந்தப்படுத்தினால் ஆயுள் கூடுகிறது என்று 2001-இல் இரண்டு குழுக்கள் காட்டின. கொழுப்புத் திசுவில் மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கிய எலிகள் 18 சதம் கூடுதலாக வாழ்ந்தன என்று ரொனால்ட் கான் குழு 2003-இல் காட்டியது. புழுவில் இரண்டு மடங்குக்கு மேல், எலியில் 18 சதம். உடல் சிக்கலாக ஆக ஆக இந்தப் பலன் சுருங்குகிறது, இதை யாரும் மறைக்கக்கூடாது. இன்சுலின் செய்தியை எல்லா இடத்திலும் அடியோடு நிறுத்தினால் எலி பிறந்த சில நாளில் இறந்துவிடும். எங்கே, எவ்வளவு, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மனிதரில் இருப்பவை சுவடுகள். ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களில் ஃபாக்ஸோ-3 மரபணுவின் ஒரு வடிவம் நீண்ட ஆயுளோடு சேர்ந்து வருவதை 2008-இல் கண்டார்கள்; பிறகு வேறு நாட்டு மக்களிடமும் அது தென்பட்டது. ஈக்வடாரின் தெற்கில் லாரான் குறைபாடு கொண்ட சுமார் 100 பேரை 22 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. வளர்ச்சி ஹார்மோனுக்கான ஏற்பி அவர்களுக்கு வேலை செய்யாது, அதனால் ஐ.ஜி.எஃப்.-1 மிகக் குறைவு, உயரமும் குறைவு. உடல் பருத்தவர்கள் பலர் இருந்தும் அவர்களிடையே நீரிழிவு காணப்படவில்லை. புற்றுநோய் மிக அரிது. ஆனால் அவர்கள் உறவினரைவிட நீண்ட நாள் வாழவில்லை. விபத்திலும் குடியிலும் வேறு காரணங்களிலும் இறந்தார்கள். எலிக்கூண்டில் வராத காரணங்கள் இவை.

கென்யனின் பாதையில் நினைத்தபடி ஆகாததும் உண்டு. லெனார்ட் குவாரன்டியோடு சேர்ந்து 1999-இல் எலிக்ஸிர் என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். முதுமையைத் தடுக்கும் மருந்து எதையும் அது சந்தைக்குக் கொண்டுவரவில்லை. 2014-இல் பல்கலைக்கழகப் பணியை விட்டு, கூகுள் முந்தைய ஆண்டு தொடங்கிய கேலிகோ நிறுவனத்தில் முதுமை ஆய்வுக்குப் பொறுப்பேற்றுச் சென்றார். புழுவில் கிடைத்த அறிவு மாத்திரையாக ஆக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே, அந்த அறிவு மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது என்று சொல்பவரிடம் மனிதர்களில் என்ன சோதனை நடந்தது, யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை ஆண்டு பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பென்ஷன் பணத்தில் அவற்றை வாங்குகிறார்கள். உயிரியல் படித்த பிள்ளை நீங்கள் ஒருவர்தான் அந்த வீட்டில் இருப்பீர்கள்.

“சார், புழுவை வைத்து என்ன செய்வது, வேலை கிடைக்குமா?” என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. வேலைக்கு நான் உறுதி தர முடியாது. ஆனால் இந்த ஆய்வுக்குத் தேவையான பொருள் உங்கள் கல்லூரிக்கு எட்டாததல்ல. அகர், பாக்டீரியா, இன்குபேட்டர், ஸ்டீரியோ நுண்ணோக்கி. ஆயிரக்கணக்கான புழு வகைகளை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உறையவைத்து, கேட்கும் ஆய்வகங்களுக்கு அனுப்பி வைக்கிறார்கள். நம் நாட்டிலேயே இந்தப் புழுவை வைத்து முதுமையையும் வளர்சிதை மாற்றத்தையும் ஆராயும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கோடைப் பயிற்சிக்கு அவற்றுக்கு எழுதுங்கள். ஆங்கிலம் தடையில்லை என்றால், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் முதுமையின் உயிரியலைப் பற்றிப் பொதுவாசகருக்காக 2024-இல் வெளியிட்ட ‘ஒய் வி டை’ நூலைப் படியுங்கள். பிரென்னர் புழுவைத் தொடங்கிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவர். இந்தத் துறையின் மிகைப்பேச்சை நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார்.

நமக்கே உரிய ஒரு கேள்வியும் காத்திருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் முன்னின்று நடத்தி, 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நமக்கு இந்த நோய் இளவயதிலேயே, உடல் அவ்வளவு பருக்காதபோதே வருகிறது. இன்சுலினின் செய்தி மங்கினால் புழு நீண்ட நாள் வாழ்கிறது. நம் செல்கள் அதே இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போனால் நாம் நோயாளி ஆகிறோம். இரண்டும் ஒரே பாதை. ஒன்று ஏன் ஆயுளாகவும் மற்றது ஏன் கேடாகவும் முடிகிறது? எந்தத் திசுவில் மங்கினால் நல்லது, எந்தத் திசுவில் கெடுதல்? இரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறியே இருப்பதற்கு இதில் என்ன பங்கு? பகுதி விடைகள் வந்திருக்கின்றன, முழு விடை இல்லை. இதே முரண்பாட்டை வகுப்பில் என்னிடம் கேட்ட மாணவி ஒருவர், பாடத்திட்டத்தில் இல்லை என்பதால் அதை விட்டுவிட்டார். அவர் இதைப் படித்தால், அந்தக் கேள்வியை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, தான் சேர விரும்பும் ஆய்வகத்துக்கு இந்த மாதமே அனுப்பட்டும். நீங்களும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்களில் ஒருவன்